வந்தவரும் இருந்தவரும்

நம்மிடம் இரண்டு பேச்சு உண்டு.

"வந்தாரை வாழவைக்கும் ஊர்" என்போம். அதைப் பெருமையோடு சொல்வோம்.

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம்" என்றும் சொல்வோம். அதைக் கோபத்தோடு சொல்வோம்.

இரண்டையும் சொல்வது ஒரே வாய்தான். புதிதாக ஒரு குடும்பம் ஊருக்கு வருகிறது. குடிக்கத் தண்ணீர் கொடுக்கிறோம். தங்க இடம் கொடுக்கிறோம். சில வருடம் போகிறது. கிணற்றடியில் ஒரு சண்டை. வரப்பில் ஒரு சண்டை.

"நேற்று வந்தவனுக்கு இவ்வளவு பேச்சா?" என்கிறார் ஒருவர்.

"நானும் முப்பது வருடமாக இங்கேதான் இருக்கிறேன்" என்கிறார் மற்றவர்.

இந்தச் சண்டை எங்கே தொடங்குகிறது? யார் பக்கம் நியாயம்? இதைத் தெரிந்துகொள்ள ஒரு மலைநாட்டுக்குப் போவோம். இது கற்பனைக் கதை அல்ல. நடந்தது.

வயநாடு

நீலகிரி மாவட்டத்தில் கூடலூர் இருக்கிறது. கூடலூரைத் தாண்டினால் வயநாடு. அது கேரளத்தின் வடகிழக்கு மூலை. மலைமேல் பரந்து கிடக்கும் மேட்டு நிலம். மேட்டில் மிளகும் காப்பியும் விளையும். பள்ளத்தில் நெல் விளையும்.

1956 வரை வயநாடு சென்னை மாநிலத்தோடு இருந்தது. பிறகு கேரளத்தோடு சேர்ந்தது. 1980ல் தனி மாவட்டம் ஆனது.

இங்கே காலம் காலமாக வாழ்ந்தவர்கள் மலைவாழ் மக்கள். பணியர், அடியர், குறிச்சியர், குறுமர், காட்டுநாயக்கர் என்று பல பிரிவினர். குறிச்சியர் நல்ல உழவர்கள். வில்லிலும் வல்லவர்கள். பழசிராஜாவோடு சேர்ந்து வெள்ளைக்காரர்களை எதிர்த்துப் போரிட்டவர்கள். 1812ல் மீண்டும் கிளர்ச்சி செய்தவர்கள். காட்டுநாயக்கர் தேன் எடுப்பார்கள், கிழங்கு தோண்டுவார்கள். பணியரும் அடியரும் வயலில் உழைத்தார்கள்.

அவர்களுக்கு நிலம் என்பது பத்திரம் அல்ல. "இங்கே எங்கள் பாட்டன் விதைத்தான்" என்பார்கள். அதுதான் அவர்களுடைய பத்திரம். சிலர் மலைச்சரிவில் ஒரு துண்டு நிலத்தைத் திருத்துவார்கள். விதைப்பார்கள், அறுப்பார்கள். பிறகு அதைச் சில வருடம் சும்மா விடுவார்கள். மண் தேறட்டும் என்று விடுவார்கள். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது வெறும் தரிசு. இருப்பவர் கண்ணுக்கு அது ஓய்வெடுக்கும் நிலம்.

அந்த நாளிலும் எல்லோரும் சமமாக இருக்கவில்லை. பெரிய நிலங்கள் ஜன்மிகள் கையில் இருந்தன. ஜன்மி என்றால் பெரிய நிலக்காரர். மானந்தவாடிக்குப் பக்கத்தில் வள்ளியூர்க்காவு என்று ஒரு கோயில் உண்டு. பங்குனி மாதம் அங்கே திருவிழா. நிலக்காரர்கள் அங்கே வருவார்கள். பணியருக்கும் அடியருக்கும் சிறு தொகை கொடுப்பார்கள். அதற்கு "நில்பு பணம்" என்று பெயர். அம்மன் முன்னால் பேச்சு முடியும். பிறகு ஒரு வருடம் அந்த நிலக்காரரிடமே உழைக்க வேண்டும். நடுவில் விலக முடியாது. இதுவும் கொத்தடிமைதான். 1976ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகுதான் இது சட்டப்படி குற்றம் ஆனது.

பசியோடு வந்தவர்கள்

கேரளத்தின் தெற்கே அன்று திருவிதாங்கூர் என்ற சமஸ்தானம் இருந்தது. அங்கே மக்கள் நெருக்கம் அதிகம். ஒரு குடும்பத்துக்குத் துண்டு நிலம்தான் இருக்கும். அதையும் அண்ணன் தம்பி நான்கு பேர் பங்கு போட வேண்டும்.

சாப்பிடும் அரிசியில் ஒரு பங்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1942ல் பர்மாவை ஜப்பான் பிடித்தது. அரிசிக் கப்பல் நின்றது. ஊரில் பஞ்சம் வந்தது.

"மலபாரில் நிலம் மலிவாம்" என்ற செய்தி பரவியது. வயநாடு அந்த மலபாரில்தான் இருந்தது. 1920களிலேயே சிலர் போயிருந்தார்கள். இப்போது கூட்டம் கூட்டமாகப் புறப்பட்டார்கள். இருந்த துண்டு நிலத்தை விற்றார்கள். மனைவியின் தாலிப்பொன் தவிர மற்ற நகையை விற்றார்கள். குழந்தைகளோடு மலை ஏறினார்கள். போர் முடிந்த பிறகு, படையிலிருந்து திரும்பியவர்களுக்கும் அரசாங்கம் வயநாட்டில் நிலம் கொடுத்தது.

வந்தவர்கள் சுகமாக வாழவில்லை. மலைக்காய்ச்சல் வந்தது. குடும்பம் குடும்பமாகச் செத்தார்கள். யானை வந்தது, பன்றி வந்தது. மரவள்ளியைப் பிடுங்கிப் போட்டது. ஆஸ்பத்திரி இல்லை, சாலையும் இல்லை. மலையாள எழுத்தாளர் எஸ்.கே. பொற்றேக்காட் இவர்களைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதன் பெயர் "விஷகன்யகா". வெளிவந்த ஆண்டு 1948. விஷகன்யகா என்றால் நஞ்சுக் கன்னி. ஆசை காட்டி அழைத்து உயிரைக் குடிக்கும் மண் என்று பொருள்.

பிழைத்தவர்கள் ஊன்றினார்கள். சாலை போட்டார்கள். பள்ளிக்கூடம் கட்டினார்கள். இஞ்சி, மிளகு, காப்பி பயிரிட்டார்கள்.

கணக்கைப் பாருங்கள். 1941ல் வயநாட்டின் மக்கள்தொகை சுமார் 1 லட்சத்து 6 ஆயிரம். 1971ல் 4 லட்சத்துக்கு மேல். முப்பதே வருடத்தில் ஏறக்குறைய நான்கு மடங்கு! இருந்தவர்கள் தங்கள் மண்ணிலேயே சிறுபான்மை ஆனார்கள். 2011 கணக்குப்படி மாவட்டத்தில் 8 லட்சத்து 17 ஆயிரம் பேர். அதில் மலைவாழ் மக்கள் 1 லட்சத்து 51 ஆயிரம் பேர். அதாவது 100 பேரில் சுமார் 18 பேர்.

நிலம் கை மாறியது எப்படி?

இதுதான் கதையின் மையம். நிதானமாகப் படியுங்கள். நிலம் பல வழிகளில் கை மாறியது. மூன்று வழிகளை மட்டும் பார்ப்போம்.

முதல் வழி: ஜன்மி விற்றார். வந்தவர் காசு கொடுத்துப் பத்திரம் வாங்கினார். அந்த நிலத்தில் மலைவாழ் மக்கள் குடியிருந்தார்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் வேலி வந்தது.

இரண்டாம் வழி: குத்தகை. "இந்த ஒரு போகம் மட்டும் இஞ்சி போட்டுக்கொள்கிறேன்" என்று கேட்பார்கள். கொஞ்சம் பணம் கொடுப்பார்கள். துணி, புகையிலை, உப்பு கொடுப்பார்கள். ஒரு போகம் இரண்டாகும். இரண்டு பத்தாகும். எல்லாம் வாய்ப்பேச்சு. தீர்வை கட்டிய ரசீது மட்டும் பயிர் செய்தவர் பெயரில் இருக்கும்.

மூன்றாம் வழி: கைநாட்டு. அவசரத்துக்குக் கடன் வாங்குவார்கள். ஒரு காகிதத்தை நீட்டுவார்கள். கட்டை விரலை மையில் தோய்த்து வைப்பார்கள். அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருந்தது? வைத்தவருக்குத் தெரியாது. கடன் சீட்டு என்று நினைத்தார்கள். அது கிரயப் பத்திரமாக இருந்தது.

வந்தவர் எல்லோரும் இப்படிச் செய்தார்களா? இல்லை. நேர்மையாக விலை கொடுத்தவர்கள் நிறையப் பேர். ஆனால் ஏமாற்றியவர்களும் இருந்தார்கள். ஏமாற்றுவது சுலபமாக இருந்தது. ஒருவருக்கு எழுத்து தெரியும். மற்றவருக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

கேரளத்தில் 1970 முதல் நிலச் சீர்திருத்தம் முழு வேகத்தில் நடந்தது. குத்தகைக்காரருக்கு நிலம் சொந்தம் ஆனது. லட்சக்கணக்கான ஏழைகளுக்கு அது நன்மை செய்தது. ஆனால் பணியர் குத்தகைக்காரர் அல்ல, கூலிக்காரர். அவர்களுக்குக் குடிசை இருந்த இடம் மட்டும் கிடைக்கலாம். கிராமத்தில் அது 10 சென்ட். அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. மலைவாழ் மக்களிடம் வாய்ப்பேச்சில் குத்தகை வாங்கியவர்களில் பலர் நிலத்துக்குச் சொந்தக்காரர் ஆனார்கள். நல்ல சட்டம்தான். ஆனால் காகிதம் இல்லாதவர் கைக்கு அது எட்டவில்லை.

சொல்லும் சுடும்

நிலம் போனால் சண்டை வரும். அதோடு சொல்லும் சேர்ந்தால் சண்டை ஆறாது.

"இவர்கள் சோம்பேறிகள். நிலத்தைக் கொடுத்தாலும் காப்பாற்றத் தெரியாது" என்றார்கள் வந்தவர்களில் சிலர். விடியற்காலை முதல் அடுத்தவர் வயலில் நிற்பவரை இப்படிச் சொன்னார்கள். சாராயம் கொடுத்து வேலை வாங்கியவர்களே குடிகாரர் என்றும் சொன்னார்கள்.

"இவர்கள் பேராசைக்காரர்கள். காட்டை மொட்டை அடித்தவர்கள்" என்றார்கள் இருந்தவர்களில் சிலர். காய்ச்சலில் பிள்ளையைப் புதைத்துவிட்டு மறுநாள் மண்வெட்டி எடுத்த தாயும் அந்தக் கூட்டத்தில் இருந்தாள்.

வந்தவர் பேசியது மலையாளம். இருந்தவருக்கும் மலையாளம் தெரியும். ஆனாலும் பகை வந்தது. எனவே இது மொழிச் சண்டை அல்ல. நிலத்தின் சண்டை. மரியாதையின் சண்டை.

சட்டம் வந்தது, நிலம் வந்ததா?

1975ல் கேரள சட்டசபை ஒரு சட்டம் செய்தது. மலைவாழ் மக்களிடமிருந்து போன நிலத்தை அவர்களிடமே திருப்பித் தர வேண்டும் என்றது சட்டம். ஆனால் அதற்கான விதிகளை எழுதவே 1986 ஆனது. விதி வந்தும் நிலம் வரவில்லை. வயநாட்டில் ஒரு மருத்துவர் உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 1993ல் நீதிமன்றம் சொன்னது: "சட்டத்தை நிறைவேற்றுங்கள்."

வந்தவர்கள் பயந்தார்கள். "எங்கள் அப்பா வாங்கிய நிலம். நாங்கள் இங்கேயே பிறந்தோம். இனி எங்கே போவோம்?" என்று கேட்டார்கள். அவர்களுக்கு ஓட்டு அதிகம். கேரள மக்களில் பழங்குடியினர் 100க்கு 2 பேர்கூட இல்லை. 1996ல் சட்டத்தை மாற்ற சட்டசபையில் மசோதா வந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர் ஒருவர்தான். அவர் கே.ஆர். கௌரியம்மா. அந்த மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை.

1999ல் வேறு சட்டம் வந்தது. 2 ஹெக்டேர் வரை, அதாவது சுமார் 5 ஏக்கர் வரை, வைத்திருப்பவரே வைத்துக்கொள்ளலாம். இழந்தவருக்கு அரசு வேறு இடத்தில் நிலம் தர வேண்டும். 2009ல் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. வந்தவர்களின் பயம் தீர்ந்தது. இருந்தவர்களுக்கோ பாட்டன் விதைத்த அதே மண் இல்லை என்று ஆனது. வேறு நிலமும் எல்லோருக்கும் நேரத்தில் கிடைக்கவில்லை.

இதற்காகப் போராட்டங்கள் நடந்தன. அதில் முன்னால் நின்றவர் சி.கே. ஜானு. அடியர் சமூகத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். எழுத்தறிவு வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றவர். ஆம், நம்மைப் போலத்தான்! 2001ல் திருவனந்தபுரத்தில் தலைமைச் செயலகத்தின் முன்னால் மலைவாழ் மக்கள் குடிசை போட்டு உட்கார்ந்தார்கள். 48 நாள் எழுந்திருக்கவில்லை. அரசு பேச்சுக்கு வந்தது. நிலம் தருவதாக ஒப்புக்கொண்டது.

நிலம் வரத் தாமதம் ஆனது. 2003 ஜனவரியில் முத்தங்கா காட்டில் புகுந்து குடிசை போட்டார்கள். பிப்ரவரி 19 அன்று போலீஸ் வந்தது. மோதல் நடந்தது, துப்பாக்கிச் சூடும் நடந்தது. ஒரு பழங்குடியினர் இறந்தார். ஒரு போலீஸ்காரரும் இறந்தார். இரண்டு வீட்டிலும் அழுகை.

யார் பக்கம் நியாயம்?

நம் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் பார்ப்போம். இந்தியர் யாரும் இந்தியாவில் எங்கும் போகலாம். எங்கும் குடியிருக்கலாம். இது நம் உரிமை. "வெளியூர்க்காரன், போ" என்று யாரும் விரட்ட முடியாது.

அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது. பழங்குடி மக்களின் நலனைக் காக்க அரசு அந்த உரிமைக்குக் கட்டுப்பாடு விதிக்கலாம்.

இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். வருவதற்கு உரிமை உண்டு. இருப்பவரைத் தள்ளிவிட உரிமை இல்லை. பசியோடு வந்தது தப்பு அல்ல. படிக்கத் தெரியாதவரின் விரலை மையில் தோய்த்ததுதான் தப்பு.

2006ல் வன உரிமைச் சட்டம் வந்தது. காட்டு நிலத்தில் பயிர் செய்து வாழும் பழங்குடியினருக்கு அந்த நிலத்தில் உரிமை தருகிறது அது. கணவன், மனைவி இருவர் பெயரும் பட்டாவில் இருக்கும். பிள்ளைகளுக்குப் போகும். ஆனால் விற்க முடியாது. பழைய ஏமாற்று திரும்ப நடக்கக் கூடாது என்பதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள். கிராம சபையில்தான் மனு கொடுக்க வேண்டும். இன்னொன்றும் கவனியுங்கள். ஊர்ப் பெரியவர் சொல்லும் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தால் அதுவும் சாட்சி ஆகும். "இங்கே எங்கள் பாட்டன் விதைத்தான்" என்ற பேச்சு இப்போது காகிதத்தில் ஏறுகிறது. சட்டத்தில் நிற்கிறது.

இன்று வருபவர் யார்?

சக்கரம் சுற்றுகிறது. இப்போது வங்காளம், அசாம், ஒடிசா, பீகாரிலிருந்து கேரளத்துக்கு ஆட்கள் வருகிறார்கள். பல லட்சம் பேர். கட்டட வேலை, தோட்ட வேலை, ஓட்டல் வேலை செய்கிறார்கள். ஒரு காலத்தில் வந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இன்று சொல்கிறார்கள்: "இவர்கள் புதிதாக வந்தவர்கள்." நம் ஊர் மில்லிலும் செங்கல் சூளையிலும் இதே பேச்சைக் கேட்கிறோம் அல்லவா?

கேரளத்தின் எழுத்தறிவு இயக்கம் 2017ல் ஒரு நல்ல வேலை தொடங்கியது. வெளிமாநிலத் தொழிலாளருக்கு மலையாளம் சொல்லித்தரும் வகுப்பு. பெயர் "சங்காதி". சங்காதி என்றால் தோழன். நாம் "சங்காத்தம்" என்கிறோமே, அது போன்ற சொல். பேருந்துப் பலகையைப் படிக்கலாம். கூலிக் கணக்கைப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் அவர் மொழியில் பேசலாம். பேச்சு வந்தால் பயம் பாதி குறையும்.

நாம் என்ன செய்யலாம்?

நம் ஊருக்கும் ஆட்கள் வருவார்கள். நம் பிள்ளைகளும் வேறு ஊருக்குப் போவார்கள். எனவே நாம் ஒரு நாள் இருந்தவர், ஒரு நாள் வந்தவர்.

இருப்பவர் என்றால், வந்தவரின் பெயரைக் கேளுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். தண்ணீர், ரேஷன், பள்ளிக்கூடம் ஆகிய மூன்றும் அவருக்கும் வேண்டும். அதைக் கிராம சபையில் வைத்துப் பேசுங்கள். கிணற்றடியில் பேசினால் சண்டை ஆகும். சபையில் பேசினால் தீர்மானம் ஆகும்.

வந்தவர் என்றால், அந்த ஊர் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். நிலம் வாங்கும் முன்பு ஒன்று விசாரியுங்கள். இதில் யார் பயிர் செய்தார்கள்? யாருக்கு இங்கே பாதை இருந்தது? எந்த மரத்தடியில் சாமி கும்பிட்டார்கள்? சும்மா கிடக்கும் நிலம் எல்லாம் யாருக்கும் சொந்தம் இல்லாத நிலம் அல்ல.

இருவருக்கும் ஒன்று. குத்தகையோ, கடனோ, எழுதி வாங்குங்கள். எழுதியதைப் படியுங்கள். புரியவில்லை என்றால் இன்னொரு முறை படியுங்கள். அல்லது தெரிந்தவரிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள். "அவசரம், உடனே போடு" என்று ஒருவர் சொன்னால் அன்று போடவே போடாதீர்கள்.

வயநாட்டில் ஒரு கைநாட்டால் மூன்று தலைமுறை நிலம் இழந்தது. ஒரு பேச்சை எழுதி வைத்திருந்தால் இரண்டு வீட்டாரும் பக்கத்துப் பக்கத்தில் நிம்மதியாக இருந்திருக்கலாம். எழுத்து ஒருவர் கையில் மட்டும் இருந்தால் அது ஆயுதம். இருவர் கையிலும் இருந்தால் அது வேலிக்கல்லைப் போல. இரண்டு பக்கத்தையும் காக்கும்.

பேசிப் பார்ப்போம்

1. உங்கள் ஊருக்குக் கடைசியாக வந்த குடும்பம் எது? அவர்கள் ஏன் வந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா?

2. உங்கள் குடும்பம் இந்த ஊருக்கு எப்போது வந்தது? வீட்டுப் பெரியவரிடம் கேட்டு எழுதுங்கள்.

3. உங்கள் ஊரில் பத்திரம் இல்லாமல் பல காலமாகப் பயிர் செய்பவர் உண்டா? அவருக்காகக் கிராம சபையில் என்ன பேசலாம்?

4. ஜன்மி, வந்தவர், மலைவாழ் மக்கள். இந்த மூவரில் யாருக்கு எழுத்து உதவியது? யாருக்கு எழுத்து கெடுதல் செய்தது? ஏன்?